டாக்டர் ஆக எத்தனை மார்க் வேண்டும்? அந்த 50 எங்கிருந்து வந்தது?

1.
ஒரு மருத்துவ மாணவர் பாஸ் ஆக எத்தனை மார்க் வாங்கணும்னு யாரைக் கேட்டாலும் "50 சதவீதம்"னு டக்குனு பதில் வரும். அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்க. ஏன் 50? ஏன் 45 இல்லை, ஏன் 70 இல்லை? இதற்கு மருத்துவர்கள் பலரிடமே பதில் இருக்காது. "அப்படித்தான் சார் வச்சிருக்காங்க" என்பார்கள்.

இந்த இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். டீயோடு உட்காருங்க.

2.
"இது உங்க காலேஜ் விஷயம், எங்களுக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம்.

ராத்திரி 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஜி.ஹெச். கேஷுவாலிட்டிக்கு ஓடி வர்றீங்க. டியூட்டி டாக்டர் இன்னொரு விபத்து கேஸில் இருக்கிறார். முதலில் வந்து நாடி பார்ப்பவர், பிபி பார்ப்பவர், ஈசிஜி எடுக்கச் சொல்பவர் பெரும்பாலும் 23, 24 வயது ஹவுஸ் சர்ஜனாக இருப்பார். "இவர் நோயாளியைத் தொடலாம்" என்று அவருக்கு அனுமதி கொடுத்தது ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சையில் பாஸ் கோட்டை எந்த இடத்தில் போட்டார்கள் என்பது உங்க அப்பா சம்பந்தப்பட்ட விஷயம்.

3.
எம்பிபிஎஸ் தேர்வில் இரண்டு பாதி உண்டு. ஒன்று தியரி, பேப்பரில் எழுதுவது. இன்னொன்று பிராக்டிகல் அல்லது கிளினிக்கல், நோயாளியைப் பரிசோதித்துக் காட்டுவது. நாங்கள் படித்த காலத்து விதிப்படி இரண்டிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுக்கணும். தியரியில் 80 வாங்கி பிராக்டிகலில் 48 என்றால் ஃபெயில்தான்.

இது நல்ல விதி. நீச்சல் பற்றிப் புத்தகம் படித்தவரை ஆற்றில் இறக்க முடியாது இல்லையா? 1990ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் இதை ஒரு பிரமிடாக விளக்கினார். அடித்தட்டில் "தெரியும்". அதற்கு மேல் "எப்படி என்று தெரியும்". அதற்கு மேல் "செய்து காட்டுவார்". உச்சியில் "தினசரி வேலையில் செய்கிறார்". எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு தட்டோடு நின்றுவிடும். மூன்றாவது தட்டை அளக்கத்தான் கிளினிக்கல் தேர்வு.

சிக்கல் எங்கே என்றால், அந்த மூன்றாவது தட்டை எப்படி அளப்பது, எங்கே கோடு போடுவது என்பதில்தான்.

4.
நம்ம ஊர் கிளினிக்கல் பரீட்சை எப்படி நடக்கும்னு பார்க்காதவர்களுக்காகச் சொல்றேன்.

காலையில் வார்டில் நோயாளிகள் தயாராக இருப்பார்கள். மாணவருக்கு ஒரு "லாங் கேஸ்" கொடுப்பார்கள். ஒரு நோயாளி, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அவரிடம் பேசி, பரிசோதித்து, என்ன நோய் என்று முடிவு செய்து வைத்திருக்கணும். அப்புறம் தேர்வாளர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். பிறகு ஒன்றிரண்டு "ஷார்ட் கேஸ்". பிறகு வைவா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாணவர் நோயாளியைப் பரிசோதித்த அந்த முக்கால் மணி நேரத்தைப் பெரும்பாலும் எந்தத் தேர்வாளரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. கடைசியில் மாணவர் சொல்லும் கதைக்குத்தான் மார்க்.

5.
இதில் முதல் அதிர்ஷ்டம் நோயாளி.

ஒருவருக்குக் கல்லீரல் பாதித்து வயிற்றில் நீர் கோத்த நோயாளி கிடைப்பார். பலமுறை பரீட்சைக்கு உட்கார்ந்த அனுபவஸ்தர். மாணவரின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, "தம்பி, மண்ணீரலும் வீங்கியிருக்குன்னு போன பேட்ச் டாக்டர் சொன்னாரு, அதையும் தொட்டுப் பாருங்க" என்று அவரே பாடம் எடுப்பார். எங்கள் வட்டாரத்தில் இந்தக் கதை இல்லாத டாக்டரே கிடையாது.

இன்னொருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறும் நோயாளி கிடைப்பார். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கிடைத்தவருக்குக் காது கேட்காது. கூட வந்தவரும் ஊருக்குப் போய்விட்டார். பாதி ஹிஸ்டரிதான் எடுக்க முடிந்தது. ஃபெயில். அடுத்த தேர்வு வரை காத்திருந்து எழுதிப் பாஸ் ஆனான். இன்று ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறான். அந்தப் பக்கத்து ஜனங்கள் அவன் லீவு போட்டால் திரும்பிப் போய்விடுவார்கள், வேறு டாக்டரைப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பரீட்சை அளந்தது எதை? அவன் திறமையையா, நோயாளியின் காதையா?

6.
இரண்டாவது அதிர்ஷ்டம் தேர்வாளர்.

ஒருவர் கை தாராளம். இன்னொருவர் "50க்கு மேல நான் யாருக்கும் போட்டதே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார். காலை 9 மணிக்குத் தேர்வாளர் இருக்கும் மனநிலை வேறு, மதியச் சாப்பாடு தள்ளிப்போன 3 மணிக்கு இருக்கும் மனநிலை வேறு.

மூன்றாவதாக மொழி. நோயாளியிடம் பேசுவது தமிழில். தேர்வாளரிடம் சொல்வது இங்கிலீஷில். 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கூடுதலாக மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் வார்டில் ஒரு பாட்டியிடம் பேசும் அழகைப் பார்க்கணும். பத்தே நிமிடத்தில் முழு விவரமும் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளை தேர்வாளர் முன்னால் இங்கிலீஷில் திணறும்போது மார்க் குறைகிறது. சரளமாகப் பேசுபவர் சரியாகவும் பரிசோதித்திருப்பார் என்று நம் மூளை தானாக முடிவு கட்டிவிடும். தேர்வாளரும் மனிதர்தானே.

7.
இத்தனை அதிர்ஷ்டமும் கலந்த ஒரு எண்ணை எடுத்து, அதன் மேல் 50 என்று ஒரு கோடு போடுகிறோம். 49 என்றால் ஃபெயில், 50 என்றால் டாக்டர். அளக்கும் தராசே ஆடும்போது கோடு மட்டும் அசையாமல் நிற்பதால் நியாயம் வந்துவிடாது.

8.
தராசைச் சரிசெய்ய ஒரு வழியை ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தார்கள். டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு புதுத் தேர்வு முறையை வெளியிட்டார்கள். அதன் பெயர் ஆஸ்கி. சினிமா ஆஸ்கர் இல்லை, ஆஸ்கி!

யோசனை ரொம்ப எளிது. ஒரே நோயாளியிடம் ஒரு மணி நேரம் விடுவதற்குப் பதில், வரிசையாகப் பல நிலையங்கள். ஒன்றில் பிபி பார்க்கணும். அடுத்ததில் பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கணும் (பொம்மையில்தான்). அடுத்ததில் ஈசிஜி படிக்கணும். அடுத்ததில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கெட்ட செய்தியைச் சொல்லணும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான். மணி அடித்தால் அடுத்த நிலையத்துக்கு நகரணும்.

எல்லா மாணவருக்கும் அதே வேலை, அதே நேரம், அதே மார்க் பட்டியல். ஒவ்வொரு நிலையத்திலும் வேறு தேர்வாளர். மாணவர் செய்வதைக் கண்ணால் பார்த்தபடி மார்க் போடுகிறார். ஒருவர் கஞ்சம் என்றால், அந்தக் கஞ்சத்தனம் எல்லா மாணவருக்கும் சமமாகக் கிடைக்கும். காது கேட்காத நோயாளி கிடைத்தால் எல்லோருக்கும் கிடைப்பார்.

9.
அப்பாடா, பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறீங்களா? பாதிதான் முடிந்தது. தராசு கொஞ்சம் நேராகிவிட்டது. கோடு எங்கே போடுவது?

இங்கேயும் பல கல்லூரிகள் பழக்கதோஷத்தில் "50 சதவீதம்" என்றே போடுகின்றன. அது ஏன் தப்பு என்பதைக் கணக்காகவே காட்டுறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

10.
நிலையம் அ: பிபி பார்ப்பது. 20 மார்க். கை கழுவினால் 1, பெயர் கேட்டால் 1, என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னால் 1, சரியான அளவுப் பட்டையைத் தேர்ந்தெடுத்தால் 2, கையை இதய மட்டத்தில் வைத்தால் 1... இப்படிப் போகும். ஒன்றுமே தெரியாதவர்கூட வணக்கம் சொல்லி, பட்டையைக் கட்டி, பாதி மார்க்கை வாங்கிவிடலாம். ஆனால் கடைசியில் சொல்லும் பிபி அளவு தப்பாக இருக்கும்.

நிலையம் ஆ: ஒரு தாயிடம், அவர் குழந்தைக்குப் புற்றுநோய் என்று சொல்வது. இதுவும் 20 மார்க். இது அனுபவம் உள்ள டாக்டருக்கே கடினம். நல்ல மாணவர்கூட 11, 12 வாங்கினால் பெரிய விஷயம்.

இரண்டுக்கும் பாஸ் மார்க் 10 என்று வைத்தால் என்ன ஆகும்? பிபி பார்க்கத் தெரியாதவர் அ-வில் பாஸ். தாயிடம் பதமாகப் பேசிய, ஆனால் 9 வாங்கியவர் ஆ-வில் ஃபெயில். சுலபமான தேர்வில் 50 என்பது ரொம்பத் தாழ்வு. கடினமான தேர்வில் அதே 50 ரொம்ப உயரம். எண் ஒன்றுதான், அர்த்தம் வேறு.

11.
"அப்போ ரேங்க் போட்டு, கடைசி 10 சதவீதம் பேரை ஃபெயில் பண்ணிடலாமே" என்பார்கள் சிலர். அதுவும் ஆபத்து.

ஒரு வருடம் வந்த பேட்ச் மொத்தமும் நன்றாகப் படிக்கிறது என்று வையுங்கள். அப்போதும் 10 சதவீதம் பேர் பலியாவார்கள். அடுத்த பேட்ச் மொத்தமும் சுமார் என்றால், 90 சதவீதம் பேர் தகுதி இல்லாமலே வெளியே வருவார்கள்.

சீட்டு குறைவு, ஆள் அதிகம் என்றால் ரேங்க் சரி. நீட் மாதிரித் தேர்வுகள் அப்படித்தான். அங்கே கோடு சீட்டைப் பொறுத்து நகரும். 2023ல் நீட் பிஜி கட் ஆஃபைப் பூஜ்ஜியம் பர்சன்டைல் வரை இறக்கினார்களே, நினைவிருக்கா? அது சீட்டு காலியாக இருந்ததால் எடுத்த முடிவு. ஆனால் "இவர் கையில் நோயாளியைக் கொடுக்கலாமா" என்ற கேள்விக்கு, பக்கத்தில் உட்கார்ந்தவர் எத்தனை வாங்கினார் என்பது பதில் ஆகாது. டிரைவிங் லைசென்ஸை ரேங்க் போட்டா கொடுக்கிறோம்?

12.
அப்படியென்றால் நியாயமான கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? உலகம் முழுக்க இதற்குப் பல முறைகள் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு ஆள். "பார்டர்லைன் மாணவர்".

யார் அவர்? பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவில், வரப்பில் நிற்பவர். "இவரை வார்டில் விடலாம்... ஆனா மனசு ஒரு பக்கம் இடிக்குது" என்று தோன்றுமே, அவர். அவர் எத்தனை மார்க் வாங்குவார் என்று கண்டுபிடித்துவிட்டால், அதுதான் அந்தத் தேர்வின் பாஸ் மார்க்.

13.
முதல் முறை ஆங்காஃப் முறை. வில்லியம் ஆங்காஃப் என்ற அமெரிக்கர் 1971ல் எழுதிய ஒரு நீண்ட அத்தியாயத்தில் இதைச் சொன்னார். இன்று எல்லோரும் பயன்படுத்தும் வடிவம் அதில் வெறும் அடிக்குறிப்பாகத்தான் இருந்தது!

பரீட்சைக்கு முன்னாலேயே சில ஆசிரியர்கள் ஒரு மேஜையில் உட்காருவார்கள். ஒவ்வொரு படியாக எடுத்து ஒரே கேள்வி: "100 பார்டர்லைன் மாணவர்கள் இருந்தால் எத்தனை பேர் இதைச் சரியாகச் செய்வார்கள்?"

கை கழுவுவது: 90 பேர். சரியான பட்டை: 80. கையை வைக்கும் உயரம்: 70. காற்றை மெதுவாக இறக்குவது: 60. ஏற்ற இறக்கத்தைச் சரியாக விளக்குவது: 30. கூட்டினால் 330. ஐந்தால் வகுத்தால் 66. அப்போ இந்த ஐந்து படிக்குப் பாஸ் மார்க் 66 சதவீதம். 50 என்பது எங்கேயாவது வந்ததா? வரலை.

14.
இதில் ஒரு குறை உண்டு. பார்டர்லைன் மாணவர் வெறும் கற்பனை. பேராசிரியர்கள் அவரைக் கற்பனை செய்யும்போது தங்களையே நினைத்துக்கொள்வார்கள். "இதுகூடத் தெரியாதா? 95 பேர் செய்வாங்க" என்று ஏற்றிவிடுவார்கள். அதனால் முதல் சுற்றுக்குப் பிறகு எல்லோரும் பேசி, முந்தைய வருட மாணவர்கள் உண்மையில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்த்து, இரண்டாம் சுற்று போடுவார்கள்.

15.
இரண்டாவது முறையில் கற்பனையே வேண்டாம். தேர்வாளர் கண்முன்னே நிஜ மாணவர் நிற்கிறார். இதற்குப் பார்டர்லைன் ரெக்ரெஷன் என்று பெயர். பெயரைப் பார்த்து ஓட வேண்டாம்.

தேர்வாளர் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு விஷயம் எழுதுவார். ஒன்று, பட்டியல்படி மார்க். இரண்டு, மார்க்கை மறந்துவிட்டு மொத்தமாக ஒரு அபிப்பிராயம்: தெளிவான ஃபெயில், பார்டர்லைன், பாஸ், நன்று.

நம்ம பிபி நிலையத்தையே எடுப்போம். "தெளிவான ஃபெயில்" என்று எழுதப்பட்டவர்களின் சராசரி 10. "பார்டர்லைன்" 13. "பாஸ்" 16. "நன்று" 19. இந்தப் புள்ளிகள் வழியாக ஒரு கோடு வரைந்தால் பார்டர்லைன் இருக்கும் இடத்தில் அது 13ஐத் தொடும். பாஸ் மார்க் 13.

அந்தத் தாயிடம் பேசும் நிலையத்தில் அதே நான்கு பிரிவின் சராசரி 5, 8, 11, 14. பாஸ் மார்க் 8.

இப்போ கவனிங்க. 50 சதவீதம் என்று வைத்திருந்தால், பிபி நிலையத்தில் "தெளிவான ஃபெயில்" என்று தேர்வாளரே எழுதியவர்களில் ஒரு பகுதி பாஸ் ஆகியிருக்கும். புதுக் கோட்டில் அது நடக்காது. அந்தப் பக்கம் 9 வாங்கிய நல்ல பிள்ளை தப்பித்துவிடும்.

ஒரே நிபந்தனை, மாணவர் எண்ணிக்கை போதுமான அளவு இருக்கணும். பத்துப் பதினைந்து பேரை வைத்துக் கோடு வரைந்தால் அது காற்றில் ஆடும். அந்த மாதிரிச் சின்னத் தேர்வுகளுக்கு ஆங்காஃப் முறையே மேல்.

16.
இனி முக்கியமான இடம். மொத்த மார்க்கில் பாஸ் என்றால் போதுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நடந்தது. ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்குகிறது, பிபி இறங்குகிறது. அங்கே இருந்த ஹவுஸ் சர்ஜன் பதறவில்லை. உதவிக்குக் கூப்பிட்டார். படுக்க வைத்துக் காலை உயர்த்தினார். ஆக்ஸிஜன் வைத்தார். ஐவி போட்டார். எல்லாம் சரி. பிறகு அட்ரினலின் ஆம்பூலை உடைத்து, முழுசாக அப்படியே நரம்பில் ஏற்றப் போனார். பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "டாக்டர், தொடையில. அரை எம்.எல்."

அதுதான் சரி. பெரியவர்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். முழு ஆம்பூலை நாடித்துடிப்பு உள்ள ஒருவரின் நரம்பில் ஒரேயடியாக ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். நோயாளி பிழைத்தார். மாலையில் டீ கேட்டார்.

17.
இதையே ஒரு ஆஸ்கி நிலையமாக நினைத்துப் பாருங்கள். உதவிக்கு அழைத்தது, படுக்க வைத்தது, ஆக்ஸிஜன், ஐவி எல்லாவற்றுக்கும் மார்க். மருந்தின் அளவுக்கும் வழிக்கும் சேர்த்து 3 மார்க் என்றால், அந்த ஹவுஸ் சர்ஜன் 20க்கு 17 வாங்கியிருப்பார். நோயாளி இறந்திருப்பார். மார்க் ஷீட்டில் 85 சதவீதம்.

அதனால்தான் நல்ல தேர்வுகள் கூட்டல் கணக்கோடு நிற்பதில்லை. இரண்டு பூட்டு போடுவார்கள்.

ஒன்று: மொத்த மார்க் மட்டும் போதாது, குறைந்தபட்சம் இத்தனை நிலையங்களில் தனித்தனியாகப் பாஸ் ஆகணும். நாலு நிலையத்தில் அள்ளிய மார்க்கை வைத்து மற்ற இடங்களின் ஓட்டையை அடைக்க முடியாது.

இரண்டு: நோயாளியின் உயிருக்கு நேரடி ஆபத்தான தவறைச் செய்தால், எத்தனை மார்க் வாங்கினாலும் தேர்வாளர் தனியாகக் குறித்து வைக்கணும். அதற்காகக் கை கழுவ மறந்ததையெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பட்டியல் நீண்டால் பதற்றத்தில் ஒரு படியை விட்ட நல்ல மாணவரும் மாட்டிக்கொள்வார்.

18.
எந்தக் கோடு போட்டாலும் தவறு நடக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வகைத் தவறு. தகுதி இல்லாதவரைப் பாஸ் போடுவது. தகுதி உள்ளவரை ஃபெயில் போடுவது.

முதல் தவறுக்கு விலை கொடுப்பவர் முகம் தெரியாத ஒரு நோயாளி. இரண்டாவது தவறுக்கு விலை கொடுப்பவர் நம் கண்முன்னே அழுதுகொண்டு நிற்கும் மாணவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி, அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்திருப்பார், கூடப் படித்தவர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜன் ஆகிவிட இவர் மட்டும் ஹாஸ்டலில் தனியாக. இது சின்ன வலி இல்லை.

தேர்வாளருக்குத் தெரிவது இந்த முகம் மட்டும்தான். அதனால்தான் "நாலரை வருஷம் ஆச்சு, பாவம், போட்டு விடுங்க சார்" என்ற குரல் ஜெயிக்கிறது. மேற்கு நாடுகளிலும் இதே கதைதான். "ஃபெயில் போடத் தவறுவது" என்று இதைப் பற்றித் தனியாகவே ஆராய்ச்சி செய்கிறார்கள்.

எந்த அளவீட்டிலும் கொஞ்சம் ஏறத்தாழ இருக்கும். அதையும் கணக்கு போட்டுப் பாஸ் மார்க்கோடு சேர்க்கும் தேர்வுகள் உண்டு. சந்தேகத்தின் பலனை அங்கே நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். மாணவருக்குக் கொடுக்க வேண்டியது வேறு: சீக்கிரமே இன்னொரு வாய்ப்பு, எங்கே தப்பு என்ற தெளிவான பதில், அதைச் சரிசெய்யப் பயிற்சி. "ஃபெயில்" என்ற ஒற்றை வார்த்தையோடு அனுப்பிவிட்டு அடுத்த தேர்வில் பார்க்கலாம் என்பது பயிற்சி இல்லை.

19.
வெளியே என்ன நடக்கிறது?

பிரிட்டனில் வேலை செய்யப் போகும் நம்ம ஊர் டாக்டர்கள் பிளாப் என்ற தேர்வு எழுதுவார்கள். முதல் பகுதி எழுத்துத் தேர்வு, அதன் பாஸ் மார்க் ஆங்காஃப் முறையில். இரண்டாம் பகுதி மான்செஸ்டரில், 16 நிலையங்கள், ஒவ்வொன்றும் 8 நிமிடம். அங்கே பாஸ் மார்க் பார்டர்லைன் ரெக்ரெஷன் முறையில். "பாஸ் மார்க் எத்தனை?" என்று கேட்டால் தேர்வுக்குத் தேர்வு மாறும் என்பார்கள். காரணம் இப்போ உங்களுக்குப் புரியும். கேள்வி கடினமானால் கோடு இறங்கும், சுலபமானால் ஏறும்.

அமெரிக்காவில் 2004 முதல் நடிப்பு நோயாளிகளை வைத்து ஒரு கிளினிக்கல் தேர்வு நடத்தினார்கள். கொரோனாவில் நிறுத்தி, 2021 ஜனவரியில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். செலவு அதிகம், பயன் குறைவு என்ற வாதம் வெகு நாளாகவே இருந்தது. ஆக எல்லா நாடும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

நம் நாட்டில், வெளிநாட்டில் படித்து வருபவர்கள் எழுதும் எஃப்எம்ஜிஇ தேர்வில் 300 கேள்வி, 150 வாங்கினால் பாஸ். முழுக்க முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுக் காட்ட வேண்டியதில்லை. 2019 சட்டப்படி வரவேண்டிய நெக்ஸ்ட் தேர்வின் இரண்டாம் படியில் கிளினிக்கல் திறனைச் சோதிக்கத் திட்டமிட்டார்கள். 2023ல் அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

20.
"இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா டாக்டர்?" நியாயமான கேள்வி. கணக்கு போட்டே பார்ப்போம்.

ஒரு கல்லூரியில் 250 மாணவர்கள். 16 நிலையங்கள், மாறும் நேரத்தோடு சேர்த்து நிலையத்துக்கு 10 நிமிடம். ஒரு சுற்று 160 நிமிடம், அதில் 16 பேர் முடிப்பார்கள். 250 பேருக்கு 16 சுற்று. மொத்தம் 2560 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 43 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 6 நாள். ஒவ்வொரு நாளும் 16 தேர்வாளர்கள் வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு ஓ.பி.யிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்க வேண்டியவர்கள். வரிசை அங்கே குறையாது.

அதனால் நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றுங்க என்று நான் சொல்லப்போவதில்லை. லாங் கேஸை ஒழிக்கவும் சொல்லவில்லை. நிஜ நோயாளியின் முழுக் கதையையும் கேட்டுக் கோர்த்துப் பார்ப்பது ஒரு பெரிய திறமை. 8 நிமிடத் துண்டுகளில் அது தெரியாது.

21.
ஆனால் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கு.

லாங் கேஸில் மாணவர் நோயாளியைப் பரிசோதிப்பதைத் தேர்வாளர் பத்து நிமிடமாவது கூட இருந்து பார்க்கலாம்.

எல்லா மாணவருக்கும் பொதுவாக, உயிர் காக்கும் நாலைந்து திறன்களை மட்டும் நிலையங்களாக வைக்கலாம். இதயத் துடிப்பு நின்றவருக்கு சிபிஆர், அழாத குழந்தைக்கு மூச்சு, ஒவ்வாமைக்கு அட்ரினலின், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு. இவற்றுக்கு 50 சதவீதம் என்ற பேச்சே கூடாது.

மார்க்கோடு சேர்த்து "மொத்த அபிப்பிராயம்" என்று ஒரே ஒரு கட்டத்தை மார்க் ஷீட்டில் சேர்க்கலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. கோட்டை இன்று நகர்த்தாவிட்டாலும், 50 என்பது அந்தத் தேர்வில் சரியா தப்பா என்று அந்தக் கட்டம் காட்டிவிடும்.

தமிழில் விளக்கிச் சொல்லும் மாணவரின் மருத்துவ அறிவுக்கு மார்க் போடலாம். அவர் நாளைக்கு வேலை செய்யப்போவது தமிழ் பேசும் வார்டில்தானே.

கல்லூரியின் உள்தேர்வில் தொடங்கினால் போதும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

22.
மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 50 என்பது பல்கலைக்கழகத்தின் கோடு. உங்களுக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். "என் அம்மாவுக்கு இதை நான் தனியாகச் செய்வேனா?" என்று கேளுங்க. செய்வேன் என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தால் பாஸ். லாக் புக்கில் கையெழுத்து வாங்குவது அதற்கு அப்புறம்தான்.

பெற்றோருக்கு: பிள்ளை பிராக்டிகலில் ஃபெயில் என்று வந்தால், "எத்தனை மார்க்ல போச்சு?" என்று கேட்காதீங்க. "எதைச் செய்யும்போது தடுமாறின?" என்று கேளுங்க. அந்தப் பதில்தான் அவரை அடுத்த தேர்வில் மட்டுமல்ல, வார்டிலும் காப்பாற்றும்.

மற்றவர்களுக்கு: மருத்துவப் படிப்பு என்றாலே சீட்டு, கட் ஆஃப், ரேங்க் என்று உள்ளே நுழையும் கதவைப் பற்றித்தான் வருடம் முழுக்கப் பேசுகிறோம். வெளியே வரும் கதவைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். நோயாளி நிற்பது அந்தக் கதவுக்கு வெளியில்தான்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சதும் தெரிந்தவரை பதில் சொல்றேன்.